எட்டுக் கோர்களை எத்தனை இயந்திரங்களுக்குப் பங்கிடலாம்? – கேள்வி பதில்

ஹட்டனிலிருந்து: எங்கள் பயிற்சி நிலையச் சேர்வரில் எட்டுக் கோர்கள் (செயலியின் கணிப்பு அலகுகள்) உள்ளன. அதற்குள் தனித்தனிக் கணினிகள் போல ஓடும் நான்கு மெய்நிகர் இயந்திரங்களுக்கும் முன்பு இரண்டிரண்டு கோர்கள் கொடுத்திருந்தேன். வேகம் போதாதென்று ஒவ்வொன்றுக்கும் எட்டாக உயர்த்தியபின், முன்னிலும் மெதுவாகிவிட்டதே, ஐயா?

நீங்கள் கொடுத்தது கோர்களை அல்ல, வரிசையில் நிற்கும் உரிமையை. முப்பத்திரண்டு மெய்நிகர் கோர்கள் எட்டு உண்மைக் கோர்களுக்காகக் காத்திருக்கின்றன. கொழுந்து மடுவத்தில் தராசுகள் எட்டாகவே இருக்க, வரிசையில் நிற்போரை மட்டும் பெருக்கினால் நிறுவை விரைவதில்லை. இதைவிடப் பெரிய கேடு பூட்டுகளால், அதாவது பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டுமே தொடவிடும் காவல்களால், வருகிறது. ஓர் இயந்திரத்தின் ஒரு மெய்நிகர் கோர், உள்ளே ஒரு பூட்டைப் பிடித்திருக்கும் வேளையில் முறை முடிந்து இறக்கிவிடப்பட்டால், அதே பூட்டுக்காக நிற்கும் அதன் மற்றக் கோர்கள், பயனுள்ள எதையும் செய்யாமல், உண்மைக் கோர்களின் நேரத்தைச் சுழன்றே எரித்துவிடும். மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளான விஎம்வேரில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: ஓர் இயந்திரத்தின் கோர்களுள் ஒன்று மற்றவற்றை விட மிகவும் முந்திச் சென்றால், மற்றவை நெருங்கும் வரை அது நிறுத்திவைக்கப்படும். ஆகவே மீண்டும் இரண்டுக்கே இறங்குங்கள். உள்ளே இரண்டும் இடைவிடாது நிரம்பி ஓடுவதைக் கண்ட இயந்திரத்துக்கு மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்.

பதுளையிலிருந்து: காத்திருப்பை எப்படி அளப்பது?

விஎம்வேரின் உடனடி வரைபடம் 20 விநாடிக்கு ஒருமுறை 'ரெடி' நேரத்தை, அதாவது ஓடத் தயாராகியும் கோருக்காகக் காத்திருந்த நேரத்தை, மில்லி விநாடியில் காட்டும். நான்கு கோர் இயந்திரமொன்றுக்கு 8,000 என்று வந்தால், 20,000 ஆல் வகுக்க 40 சதவீதம். அது நான்கு கோர்களின் கூட்டுத்தொகை என்பதால், கோருக்கு 10 சதவீதம். அந்த அளவை நான் பொறுக்கமாட்டேன். ஐந்தைத் தாண்டும்போதே பார்க்கத் தொடங்கிவிடுவேன். லினக்ஸோடு வரும் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில் ஓடும் லினக்ஸ் இயந்திரமானால், அதனுள்ளே 'டொப்' கட்டளை காட்டும் சிபியு வரியின் இறுதியிலுள்ள 'எஸ்டி' எண்ணைப் பாருங்கள். இயந்திரம் ஓட விரும்பியும் கோர் கிடைக்காது போன நேரத்தின் பங்கு அது.

பண்டாரவளையிலிருந்து: ஒரு கோரை இரு திரெட்களாகக் காட்டும் ஹைப்பர் திரெடிங் இருப்பதால் எட்டைப் பதினாறு என்று கணக்கிடலாமா?

கூடாது. ஒரு கோரின் இரு திரெட்களும் ஒரே கணிப்பு உறுப்புகளைப் பகிர்வதால், கிடைக்கும் மேலதிகம் இருமடங்குக்கு வெகு கீழேயே நிற்கும். எட்டென்றே எண்ணி, மிஞ்சுவதை வரவென்று வைத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியாவிலிருந்து: சம்பளக் கணக்குத் தரவுத்தளத்துக்கு மட்டும் இரண்டு கோர்களை ஒதுக்கிக் கட்டிவிடலாமா, அண்ணா?

கட்டினால் அந்த இயந்திரம்தான் அவ்விரண்டு கோர்களுக்குள் அடைபடும். மற்றவை அங்கே வருவதை அது தடுக்காது. மற்ற ஒவ்வோர் இயந்திரத்தையும் எஞ்சிய கோர்களோடு கட்டினால்தான் ஒதுக்கீடு உண்மையாகும். அதற்கு முன் முன்னுரிமை எடையைக் கூட்டிப் பாருங்கள். கேவிஎம் இயந்திரங்களை நிர்வகிக்கும் ப்ரொக்ஸ்மொக்ஸின் அண்மைப் பதிப்புகளில் அந்த எடையின் இயல்பான அளவு 100. தரவுத்தளத்துக்கு 200 என்று வைத்தால், நெருக்கடி வரும்போது மட்டும் அதற்கு இருமடங்கு பங்கு கிடைக்கும், மற்ற நேரத்தில் எவருக்கும் இழப்பில்லை.