மூன்றாம் பேஸ் காலியாகவே இருந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

2024 டிசம்பரில் பேஸ்பால் வீரர் ஹுவான் சோட்டோ நியூயார்க் யாங்கீஸை விட்டு அதே நகரின் மெட்ஸ் அணிக்குப் போனார். யாங்கீஸ் 76 கோடி டாலர் தருவதாகச் சொன்னது, மெட்ஸ் 76.5 கோடி கொடுத்தது. வெறும் 50 லட்சத்துக்காகவா இப்படி ஒரு பேட்டரை விடுவார்கள் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. அதன் பிறகு இரண்டே வாரத்தில் மேக்ஸ் ஃப்ரீட், டெவின் வில்லியம்ஸ், கோடி பெல்லிஞ்சர், பால் கோல்ட்ஷ்மிட் என்று நால்வரைச் சேர்த்தார்கள். ஒரு பெரிய ஆட்டக்காரரின் இடத்தை நான்கு பேரால் நிரப்ப முடியுமா? 2025 பருவம் முடிந்துவிட்ட நிலையில் அந்தக் குளிர்காலத்தை எப்படி மதிப்பிடுகிறீர்கள்? ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்த ஆள்மாற்றக் கணக்கு முழுதாகப் பிடிபடவில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

எஸ்.
எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த 50 லட்சம். யாங்கீஸ் சொன்னது 16 ஆண்டுகளுக்கு, மெட்ஸ் கொடுத்தது 15 ஆண்டுகளுக்கு. ஆண்டுச் சராசரி பார்த்தால் 4.75 கோடிக்கு எதிராக 5.1 கோடி. மெட்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துத் தொகையே 7.5 கோடி, பிற்காலத்துக்குத் தள்ளிவைத்த பணம் ஒரு டாலர்கூட இல்லை. 2029 முடிந்ததும் விலகிக்கொள்ளும் உரிமையும் சோட்டோவுக்கு உண்டு. அதை மெட்ஸ் தடுக்க நினைத்தால் மிச்சமுள்ள பத்து ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு 40 லட்சம் கூட்ட வேண்டும், மொத்தம் 80.5 கோடி ஆகிவிடும். ஆகவே இரண்டு தொகைகளுக்கும் நடுவில் இருந்த தூரம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணியின் பணப்பைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பேஸ்பாலில் அது கிடையாது, படிப்படியாக ஏறும் வரிதான் உண்டு. 2025இல் முதல் படி 24.1 கோடி, கடைசிப் படி 30.1 கோடி. யாங்கீஸ் போலத் தொடர்ந்து வரி கட்டிவரும் அணி கடைசிப் படியைத் தாண்டிச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி கட்ட வேண்டும். வரிக்கு எடுத்துக்கொள்வது அந்த ஆண்டு கையில் கொடுக்கும் சம்பளத்தை அல்ல, ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியை. பெரிய ஒப்பந்தங்கள் இவ்வளவு நீளமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆண்டைக் கூட்டினால் சராசரி குறையும். 76 கோடியைப் 16ஆகப் பிரித்ததன் சூட்சுமமும் அங்கேதான்.

சோட்டோவின் பணத்தை நால்வருக்கும் பங்கிட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். அது சரியில்லை. ஃப்ரீட் 8 ஆண்டுகளுக்கு 21.8 கோடி, அதாவது ஆண்டுக்கு 2.725 கோடி. பெல்லிஞ்சருக்கு அந்த ஆண்டு 2.75 கோடி. அவரை அனுப்பிய சிகாகோ கப்ஸ் 50 லட்சம் சேர்த்துக் கொடுத்தது, யாங்கீஸ் பதிலுக்குக் கொடுத்தது பொட்டீட் என்ற ஒரே பிட்சரை (பந்து வீசுபவரை). கோல்ட்ஷ்மிட் ஓராண்டுக்கு 1.25 கோடி, வில்லியம்ஸ் 86 லட்சம். கூட்டினால் 2025க்கு மட்டும் சுமார் 7.5 கோடி. சோட்டோவுக்கு ஆகியிருக்கக்கூடியதைவிட ஆண்டுச் செலவு அதிகம், ஆனால் மொத்தச் சுமை பாதிக்கும் கீழே. நால்வரில் நீண்டகாலக் கடன் ஃப்ரீட் ஒருவர்தான். இன்றைக்குக் கூடுதலாகக் கொடுத்து, நாளைக்குக் கையைக் கட்டிப்போடாமல் வைத்துக்கொண்டார்கள். நான் அதைச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஃப்ரீட் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. அட்லாண்டா பிரேவ்ஸ் அவருக்கு 2.105 கோடி டாலரில் குவாலிஃபையிங் ஆஃபர் (ஒப்பந்தம் முடியும் வீரருக்குப் பழைய அணி தரும் ஓராண்டு ஒப்பந்த வாய்ப்பு) கொடுத்திருந்தது. அதை மறுத்து வெளியே வந்தவரை வாங்கும் அணி, புதிய இளம் வீரர்களை எடுக்கும் டிராஃப்ட் தேர்வுகளை இழக்கும். வரி கட்டும் அணியான யாங்கீஸ் தன் இரண்டாவது, ஐந்தாவது உயர்ந்த தேர்வுகளையும், வெளிநாட்டு இளைஞர்களை ஒப்பந்தம் செய்ய ஒதுக்கிய தொகையில் 10 லட்சத்தையும் விட்டுக்கொடுத்தது. இத்தனையும் ஒரு பிட்சருக்கா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. 2025 மார்ச்சில் பிட்சர் கெரிட் கோலுக்கு முழங்கைத் தசைநாரை மாற்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தது, ஆண்டு முழுதும் அவர் இல்லை. இன்னொரு பிட்சர் லூயிஸ் ஹில் ஆகஸ்ட் வரை வரவில்லை. ஜூலையில் கிளார்க் ஷ்மிட்டுக்கும் அதே அறுவை சிகிச்சை. இந்த நிலையில் ஃப்ரீட் 195 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, 19 வெற்றி, 5 தோல்வி, 2.86 சராசரியோடு (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்) முடித்தார். அவர் இல்லாத அந்த அணியை நினைத்துப் பாருங்கள்.

பெல்லிஞ்சரை ஏன் எடுத்தார்கள் என்பதற்கு பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் 2024இன் ஐந்தாவது ஆட்டத்துக்குப் போக வேண்டும். டாட்ஜர்ஸுக்கு எதிராக யாங்கீஸ் 5-0 முன்னிலை. ஐந்தாவது இன்னிங்ஸில் சென்டர் ஃபீல்டில் (வெளிமைதானத்தின் நடுவில்) நின்ற ஆரன் ஜட்ஜ் எளிதான கேட்சை விட்டார். ஆண்டனி வோல்ப்பி மூன்றாம் பேஸுக்கு (ஓடுபவர் தொட வேண்டிய நான்கு முனைகளில் மூன்றாவதற்கு) தவறாக எறிந்தார். மூக்கி பெட்ஸ் அடித்த மெதுவான தரைப்பந்துக்குக் கோல் முதல் பேஸை மூடப் போகவில்லை. ஐந்து ரன்கள் வந்தன, ஐந்தும் தவறுகளால் வந்தவை. கடைசியில் 7-6 என்று தொடரே போயிற்று. ஜட்ஜை மறுபடி ரைட் ஃபீல்டுக்கு அனுப்புவது அதற்கடுத்த குளிர்காலத்தின் மிக உபயோகமான மாற்றம். சோட்டோ அந்த இடத்தைக் காலிசெய்ததால்தான் அது முடிந்தது. பெல்லிஞ்சர் வெளிமைதானமான அவுட்ஃபீல்டின் மூன்று இடங்களிலும், முதல் பேஸிலும் நிற்பார். இடதுகை பேட்டர். யாங்கி ஸ்டேடியத்தின் வலது மூலை 314 அடிதான், அவரைப் போலப் பந்தைத் தூக்கி வலப்பக்கம் இழுத்து அடிப்பவருக்குத் தைத்து வைத்த சட்டை. 29 ஹோம் ரன், 98 ஆர்பிஐ (அவருடைய அடியால் வந்த ரன்கள்).

சோட்டோவை 2023இல் சான் டியேகோவிடமிருந்து வாங்கியபோது கூடவே வந்த ட்ரென்ட் க்ரிஷமை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. 2025இல் அவர் 34 ஹோம் ரன் அடித்தார். மெட்ஸில் சோட்டோ 43 அடித்தார், 38 முறை பேஸ் திருடினார் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது). அவர்மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் மெட்ஸ் 83-79 என்று முடித்து, இறுதிச் சுற்றுகளான பிளேஆஃபுக்குப் போகவில்லை, யாங்கீஸ் 94-68.

கோல்ட்ஷ்மிட் 37 வயதில் ஓராண்டு ஒப்பந்தம். .274 பேட்டிங் சராசரியில் அடித்தார், இடதுகைப் பிட்சர்களை நன்றாக ஆடினார், பின்பாதியில் தளர்ந்தார். கொடுத்த பணத்துக்குச் சரி.

என் குறை வில்லியம்ஸை வாங்கிய ட்ரேடில் (ஆள்மாற்றத்தில்) தான். அவருடைய 4.79 சராசரியை வைத்து இதைச் சொல்லவில்லை. வேகம் குறைத்து வீசும் அவருடைய சேஞ்ச்அப் பந்து உண்மையிலேயே அபூர்வமானது, எந்தப் பிட்சருக்கும் ஒரு மோசமான ஆண்டு வரும். மில்வாக்கி அணிக்குப் பதிலுக்குக் கொடுத்ததைப் பாருங்கள்: பிட்சர் நெஸ்டர் கார்ட்டெஸ், இளம் இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நிற்பவர்) கேலப் டர்பின், கூடவே 20 லட்சம் டாலர். கார்ட்டெஸுக்கும் வில்லியம்ஸுக்கும் ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணிக்கும் போகக்கூடியவர்) ஆக ஒரே ஆண்டு மிச்சம். அதுவரை ஒன்றுக்கு ஒன்று சரி. டர்பின் அப்போது உச்ச நிலையான மேஜர் லீகில் ஒரு பந்துகூட ஆடாதவர். வீரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக ஆறு சேவை ஆண்டுகள் வேண்டும், மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு சேவை ஆண்டு. அதாவது ஓராண்டுக் குளோசருக்காக (ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை வீசி முடிப்பவருக்காக) ஆறு ஆண்டு இன்ஃபீல்டரைக் கொடுத்தார்கள். 2024 கடைசியில் லூக் வீவர் ஆட்டங்களை முடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். குளோசர் இடம் காலியாகவே இல்லை.

காலியாக இருந்தது மூன்றாம் பேஸ். இரண்டாம் பேஸில் ஆடிய க்ளைபர் டோரஸ் டெட்ராய்ட்டுக்குப் போனதும் ஜாஸ் சிஸமை இரண்டாம் பேஸுக்கு மாற்றினார்கள், மூன்றாவதில் ஆளில்லை. ஓஸ்வால்டோ கப்ரேராவை நிறுத்தினார்கள், மே மாதம் அவருக்குக் கணுக்கால் முறிந்தது. பிறகு சிஸமே கொஞ்ச நாள் அங்கே போய்த் திரும்பி வந்தார். ஜூலையில் கொலராடோவுக்கு இரண்டு இளம் பிட்சர்களைக் கொடுத்து ரையன் மெக்மேனை வாங்கினார்கள். அவருக்கு 2026, 2027 இரண்டு ஆண்டும் தலா 1.6 கோடி சம்பளம் பாக்கி இருந்தது. அதே பருவத்தில் டர்பின் மில்வாக்கியில் எந்த இடத்தில் ஆடினார் தெரியுமா? மூன்றாம் பேஸில். புதுமுக விருது வாக்கெடுப்பில் தேசிய லீகில் மூன்றாவது இடம். அவரைப் போன்ற புதுமுகங்களுக்குப் பொருந்தும் மேஜர் லீக் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 7,60,000 டாலர்தான்.

யாங்கீஸ் அக்டோபர் பிளேஆஃபில் பாஸ்டனை வென்று, டொராண்டோவிடம் 3-1 என்று தோற்றது. அதற்கு மூன்றாம் பேஸ் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், டொராண்டோ நன்றாக அடித்தது. ஆனால் இரண்டும் ஒரே பிரிவில் உள்ள அணிகள், இரண்டுக்கும் ஒரே 94 வெற்றி. நேருக்கு நேர் ஆட்டங்களில் டொராண்டோ முந்தியதால்தான் யாங்கீஸ் பிளேஆஃபின் முதற்சுற்றான வைல்ட் கார்ட் சுற்றில் ஆட நேர்ந்தது. ஒரே ஒரு வெற்றி கூடியிருந்தால் பிரிவு கையில் இருந்திருக்கும்.

எதைக் கவனிப்பது என்று கேட்டீர்கள். உலகத் தொடர் முடிந்த மறுநாளே ஒரு தாளில் மைதானத்தை வரையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பெயர்: ஆடுபவர், அவருக்கு அடிபட்டால் வருபவர். இரண்டாவது பெயர் எழுத முடியாத இடத்தை வட்டமிடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் இன்னும் எத்தனை ஆண்டு அணியின் கையில் என்று எழுதுங்கள். நவம்பரில் குவாலிஃபையிங் ஆஃபர் யார் ஏற்கிறார்கள், 40 பேர் பட்டியலில் யாரைச் சேர்க்கிறார்கள், ஒப்பந்தம் கொடுக்காமல் யாரை விடுகிறார்கள் என்று பாருங்கள். டிசம்பரில் வரும் ஒவ்வொரு ட்ரேடையும் அந்த வட்டத்தோடு ஒப்பிடுங்கள். கடைசியாக ஒவ்வொரு பெயருக்கும் மைனர் லீக் (கீழ்நிலை லீக்) ஆப்ஷன் எத்தனை மிச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீரரை மூன்று பருவங்களில்தான் கேட்காமல் கீழே அனுப்ப முடியும். அது தீர்ந்தவரை இறக்க வேண்டுமானால் முதலில் மற்ற 29 அணிகளின் முன்னால் வைக்க வேண்டும், யாராவது எடுத்துக்கொண்டால் போனவர் போனவர்தான். மார்ச் கடைசியில் திடீரென்று நடக்கும் சின்னச் சின்ன ட்ரேடுகள் பலவற்றின் விளக்கம் அந்தக் குறிப்பில் இருக்கும்.