"போய்ச் சேர்ந்துட்டா பாரம் குறையும்" என்று அம்மா சொன்னால்...

உங்கள் 71 வயது அம்மாவுக்கு மறதி நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்தது கடிதத்தின் கடைசி வரிதான்: "நான் போய்ச் சேர்ந்துட்டா உங்களுக்குப் பாரம் குறையும்" என்று அவர் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். வயசானவங்க புலம்பல் என்று விட்டுவிட்டீர்கள். விடக்கூடாது. சாப்பாடு பாதியாகிவிட்டது, ஜாக்கெட் தொளதொளக்கிறது, விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். இவற்றோடு அந்தப் பேச்சும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மனச்சோர்வு நோயை. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

இன்றே பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்குச் சொல்லிவிட்டாலே பாரம் இறங்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டு மாத்திரைகளையெல்லாம் எடுத்துப் பூட்டுங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் வேலூரிலேயே பாகாயத்தில் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையும் இருக்கிறது. நடு ராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழில் பேசலாம். இல்லை என்று சொன்னாலும் டாக்டரிடம் காட்டுவது இந்த வாரம் தாண்டக்கூடாது.

மூக்குக்கண்ணாடியைத் தேடுவது, பேரனை உங்கள் தம்பி பெயரில் கூப்பிடுவது எல்லாம் இந்த வயதில் சகஜம். மறதி நோயைச் சோதிக்க யூடியூப் பார்த்துக் கடிகாரம் வரையச் சொன்னீர்களாம். பள்ளிக்கூடமே போகாதவரிடம் அந்தச் சோதனையை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? பக்கத்து வீட்டு அம்மாவின் தூக்க மாத்திரையைப் பத்து நாளாகக் கொடுப்பதுதான் எனக்குக் கோபம். அதுவே குழப்பத்தைக் கூட்டும், ராத்திரி பாத்ரூம் போகும்போது கீழே தள்ளும். இனி கொடுக்காதீர்கள், மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு, பி12, சோடியம், காது ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். காது மந்தமானாலும் ஆள் ஒதுங்கிப் போவார்.

டிவி முன்னால் உட்கார்ந்து முந்தானை நுனியை விரலால் சுருட்டிக்கொண்டே இருக்கிறார், நரம்புத் தளர்ச்சியா என்கிறீர்கள். குடியாத்தத்தில் நாற்பது வருடம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிய விரல்கள் அவை. கை தானாக நடுங்கவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அன்று அவரோடு திண்ணையில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள்; தெருவில் போகிறவர் நின்று இரண்டு வார்த்தை பேசினார். இன்று சத்துவாச்சாரியில் மூன்றாவது மாடி, தனி ரூம், ஏசி. பாசத்தோடுதான் செய்திருக்கிறீர்கள். ஆனால் காலையில் நீங்கள் கிளம்பினால் சாயங்காலம் வரை அவரிடம் பேச யாருமில்லை. சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுத் துணை எப்படியோ, எழுபதில் தெரு அப்படி.

பீடி வேலை வேண்டாம், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. சிகிச்சை தொடங்கி டாக்டர் சரி என்றதும், வாரம் ஒரு நாள் குடியாத்தம் பஸ்ஸில் நீங்களே கூட்டிப்போய் அந்தத் திண்ணையில் உட்கார வையுங்கள். மற்ற நாளில் சாயங்காலம் கீழே இறக்கிக் கூட்டிவரும் வேலை பேரனுக்கு. பத்தாம் வகுப்பு என்று அவனும் ரூமுக்குள்ளேயே கிடக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அரை மணி நேரம் போனால் மார்க் குறையாது.