ஆன்லைன்ல வாங்கின 1:18 கார் மாடல் (நிஜக் காரோட 18ல ஒரு பங்கு அளவு) உடைஞ்சு வந்திருக்கு, வித்தவர் "கூரியர்காரன்கிட்ட கேளுங்க"ங்கிறார். என்ன பண்ணலாம், எவ்வளவு கேக்கலாம்?

முதல்ல அந்தக் காரை அப்படியே வைங்க. ஒட்டுறது, கழட்டிப் பாக்குறது எதுவும் இப்ப வேண்டாம். வெளி அட்டைப்பெட்டி, பபிள் ராப், தெர்மாகோல், டேப்பு, லேபிள் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு பத்திரமா வைங்க, வீட்ல யாராவது குப்பைன்னு தூக்கிப் போட்டுடப் போறாங்க. நீங்க எழுதினதை வச்சுப் பாத்தா கார் 6,500 ரூபாய், ஒரு சைடு மிரர் உடைஞ்சு உள்ளயே கிடக்குது, முன் சக்கரம் ஒண்ணு தொங்குது, வித்தவர் 500 ரூபாய் தர்றேன் மீதியை கூரியர் கம்பெனிகிட்ட கேட்டுக்கோங்கன்னு சொல்றார். அந்த 500ஐ இப்ப வாங்காதீங்க. வாங்கிட்டா பேசி முடிச்சாச்சுன்னு நாளைக்கு அவர் சொல்லுவார், நீங்க வாங்கின சைட்டும் அதையேதான் சொல்லும்.

நான் பல வருஷமா டைகாஸ்ட் கார், அதாவது அச்சுல வார்த்த மெட்டல் கார் மாடல், சேக்குறவன், 1:64 தான் அதிகம், 1:18 கொஞ்சம். பொம்மைக்குப் போய் இவ்வளவு அலட்டிக்கணுமான்னு உங்ககிட்டயும் யாராவது கேட்டிருப்பாங்க, அதை மனசுல ஏத்திக்காதீங்க. தயாரிப்பு நின்னு போன மாடல்னா அதே கலர்ல அதே நிலையில இன்னொண்ணு தேடிப் பிடிக்க எவ்வளவு நாள் ஆகும்னு சேக்குறவங்களுக்குத்தான் தெரியும். காசு போனது ஒரு பக்கம், காத்திருந்து வாங்கினது இப்படி வந்து நிக்குதேங்கிறது இன்னொரு பக்கம், ரெண்டுமே நியாயமான வருத்தம்தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கூரியர்காரன் தூக்கிப் போட்டுட்டான், நான் என்ன பண்ணன்னு வித்தவங்க எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணு இருக்கே, அதை ஏத்துக்கவே ஏத்துக்காதீங்க. பார்சல்னா கீழ விழும், அது எதிர்பாக்க வேண்டிய விஷயம். பேக்கிங்கை சோதிக்கிறதுக்கு இஸ்டா 1ஏ ன்னு ஒரு முறை இருக்கு, அதுல 10 கிலோவுக்குள்ள இருக்கிற பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து, அதாவது கிட்டத்தட்ட மேசை உயரம், 10 தடவை போட்டுப் பாப்பாங்க, ஒரு மூலை, மூணு விளிம்பு, ஆறு பக்கம்னு. அவ்வளவையும் தாங்கினாத்தான் அது பேக்கிங். மேல ஃப்ரஜைல் ஸ்டிக்கர் ஒட்டிட்டா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, சார்ட்டிங் சென்டர்ல பெல்ட் மேல ஓடுற பெட்டியோட ஸ்டிக்கரை நின்னு படிக்க யாருக்கு நேரம்?

சரி, தெரிஞ்சும் ஏன் ஒழுங்கா பேக் பண்ண மாட்டேங்கிறாங்கன்னா அதுக்குக் காரணம் பெரும்பாலும் வால்யூமெட்ரிக் வெயிட். நீளம் அகலம் உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுத்து வர்ற எடைக்குத்தான் நிறைய கூரியர்ல காசு. 33க்கு 15க்கு 14 ன்னு இருக்கிற ஒரு 1:18 டப்பாவை அப்படியே பேப்பர் சுத்தி அனுப்பினா கணக்கு 1.4 கிலோ கூட வராது, அதையே சுத்தி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் பஞ்சு மாதிரி ஏதாவது வச்சு 43க்கு 25க்கு 24 பெட்டியில போட்டா 5.16 கிலோ ஆயிடும். கூரியர் செலவு எங்கயோ போயிடும். அதனால டப்பா மேல ஒரு சுத்து பபிள் ராப், மேல பிரவுன் டேப்பு, அனுப்பியாச்சு. இதை நான் இவ்வளவு விலாவாரியா சொல்றதுக்குக் காரணம், செலவை மிச்சம் பண்ணினவர் அவர், அதோட நஷ்டத்தை நீங்க சுமக்கணும்னு ஒரு அவசியமும் இல்ல. கூரியர் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டதும் அவர்தான், ரசீது அவர் பேர்லதான் இருக்கு, கிளெய்ம் போடுறதுன்னா அனுப்பினவர் போடணும். நீங்க போய் நின்னா அனுப்பினவரை வரச் சொல்லுங்கன்னுதான் பதில் வரும்.

உங்க கார்ல இன்னொண்ணு பாருங்க. 1:18 மாடல் நிறைய கம்பெனியில இருந்து வரும்போது அடியில ஸ்க்ரூ போட்டு ஒரு பேஸ்ல, அதாவது அடித்தட்டுல, முடுக்கி வந்திருக்கும், இல்லன்னா கார் வடிவத்துக்கே வெட்டின தெர்மாகோல் ரெண்டு பாதியா இருக்கும், கதவு பானெட் தொறக்காம இருக்க பிளாஸ்டிக் கட்டு இருக்கும். ஷோகேஸ்ல வச்சிருந்து அப்புறம் விக்கிறவங்க அந்த ஸ்க்ரூவைத் தொலைச்சிருப்பாங்க, கார் சும்மா டப்பாக்குள்ள உக்காந்து வரும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளயே ஆடி முதல்ல மிரர் போகும், அப்புறம் வைப்பர், ஆன்டெனா, அடி பலமா இருந்தா சக்கரம். வெளிப்பெட்டியில ஒரு நசுங்கல் கூட இல்லாம உள்ள கார் உடைஞ்சிருந்தா இதுதான் நடந்திருக்கும். உங்க பேஸ்ல ஸ்க்ரூ ஓட்டை இருந்து ஸ்க்ரூ இல்லன்னா அதை போட்டோ எடுங்க, உங்க பக்கம் இருக்கிற பலமான ஆதாரம் அதுதான்.

உடைஞ்ச இடத்தையும் மொபைல் கேமராவை மேக்ரோவுல (கிட்டத்துல எடுக்கிற மோடு) போட்டு எடுத்து வைங்க. மெட்டல் பாகம் புதுசா உடைஞ்சா அந்த முகம் பளிச்சுன்னு வெள்ளி மாதிரி இருக்கும், பழைய உடைசல்னா சாம்பல் நிறமா மங்கிப் போயிருக்கும், ஓரத்துல அழுக்கோ காய்ஞ்ச பசையோ தெரியும். பசை தெரிஞ்சா கதையே வேற, ஏற்கனவே உடைஞ்சதை ஒட்டி வச்சு மின்ட்னு, அதாவது புதுசு மாதிரி குறையே இல்லன்னு, வித்திருக்கார்னு அர்த்தம். இதுக்கு மாறா பாடி முழுக்க மெல்லிசா வெடிப்பு, பெயின்ட் கொப்புளம் கொப்புளமா தூக்கிட்டு இருந்தா அது கூரியர் அடி கிடையாது, ஜிங்க் பெஸ்ட்ன்னு சொல்லுவாங்க, துத்தநாகக் கலவையில ஈயம் மாதிரி கலப்படம் சேந்துட்டா மெட்டல் உள்ளுக்குள்ளயே உதிர ஆரம்பிக்கும், ஈரப்பதம் அதை வேகமாக்கும். அப்படி வந்த காரை எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வச்சுக்காதீங்க, சரி பண்ணவே முடியாது.

எனக்கும் இதே மாதிரி ஒண்ணு நடந்துச்சு. கலெக்டர்ஸ் வாட்ஸ்ஆப் குரூப்ல வெளிமாநிலத்துக்காரர் ஒருத்தர்கிட்ட ஒரு பழைய 1:18 வாங்கினேன், வந்தப்ப பின் ஸ்பாய்லர் முறிஞ்சு கிடந்துச்சு. அவரும் கூரியரைத்தான் கை காட்டினார். நான் கோபமா எதுவும் எழுதல, பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த வீடியோ, உள்ள பேக்கிங் எவ்வளவு தடிமன்னு ஸ்கேல் வச்சு எடுத்த போட்டோ, ஸ்க்ரூ இல்லாத பேஸ் மூணையும் அனுப்பி, ஸ்க்ரூ போடாம எப்படிண்ணா அனுப்புனீங்கன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்ல, அப்புறம் அவரே போன் பண்ணி எவ்வளவு வேணும்னு கேட்டார். பேசி பாதி விலைக்கு முடிச்சுக்கிட்டோம். இன்னிக்கும் அவர்கிட்ட வாங்குறேன், இப்பல்லாம் பெட்டிக்குள்ள பெட்டி வச்சு அனுப்புறார்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, நீங்க வாங்கினது கடைகிட்டயா தனிநபர்கிட்டயாங்கிறதுல கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. சைட்ல கடை வச்சு தொடர்ந்து விக்கிறவர்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 2020ல வந்த இ-காமர்ஸ் விதிகளும் பொருந்தும். குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன், காசு தர மாட்டேன்னு விக்கிறவர் சொல்லக் கூடாதுன்னு அந்த விதியிலயே இருக்கு. புகார் கொடுத்தா 48 மணி நேரத்துக்குள்ள வந்து சேந்துச்சுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்வு சொல்லணும். அன்பாக்சிங் வீடியோ இல்லன்னா கிளெய்ம் கிடையாதுன்னு போடுறாங்களே, அது அவங்களா போட்டுக்கிட்ட கண்டிஷன், அந்த விதிகள்ல வீடியோ கட்டாயம்னு எங்கயும் இல்ல. அதனால நீங்க வீடியோ எடுக்கலன்னாலும் சோந்து போக வேண்டாம், பேக்கிங்கும் போட்டோவும் போதும், ஆனா இனிமே லேபிள்ல ஆரம்பிச்சு ஆறு பக்கமும் காட்டி கட் பண்ணாம எடுத்துடுங்க, பாதி சண்டை அதுலயே மிச்சம்.

அவங்க அசையலன்னா 1915க்குப் போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ஆன்லைன்லயே மனு போடலாம், 5 லட்சம் வரைக்குமான பொருளுக்கு கட்டணம் இல்ல, 2 வருஷத்துக்குள்ள போடணும். 6,500 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போகணுமாங்கிறது உங்க இஷ்டம், என் அனுபவத்துல 1915 புகார் நம்பரை அனுப்பினதுமே நிறைய கடைக்காரங்க இறங்கி வந்துடுவாங்க.

தனிநபர் எப்பவாவது தன் கலெக்‌ஷன்ல இருந்து ஒண்ணு விக்கிறார்னா அந்த இ-காமர்ஸ் விதிகள் அவருக்குப் பொருந்தாது. அப்பவும் 1930 சரக்கு விற்பனைச் சட்டத்துல 39ஆவது பிரிவு இருக்கு, பொருளோட தன்மைக்கு ஏத்த மாதிரி நியாயமான ஏற்பாட்டை விக்கிறவர் கூரியரோட செஞ்சிருக்கணும், செய்யாம விட்டு வழியில சேதமானா கூரியர்ல கொடுத்ததே உங்ககிட்ட கொடுத்த மாதிரின்னு அவர் சொல்றதை நீங்க ஏத்துக்க வேண்டியதில்ல. நடைமுறையில தனிநபர்கிட்ட கோர்ட்டை விட குரூப் அட்மின் சீக்கிரம் வேலைக்கு ஆவார், இந்த வட்டாரத்துல பேர் கெட்டுட்டா அடுத்த காரை விக்க முடியாது.

வெளிநாட்டு விற்பனையாளரா இருந்தா டைம் ரொம்ப முக்கியம். ஈபேல டெலிவரி ஆன 30 நாளுக்குள்ள பொருள் சொன்ன மாதிரி இல்லன்னு ரிட்டர்ன் கேஸ் ஓப்பன் பண்ணணும், பேபால்ல கட்டியிருந்தா காசு கட்டின நாள்ல இருந்து 180 நாள் வரைக்கும் டிஸ்பியூட் போடலாம், ஆனா ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலின்னு, அதாவது சொந்தக்காரங்களுக்கு அனுப்புற மாதிரி, அனுப்பியிருந்தா அந்தப் பாதுகாப்பு கிடையாது, கட்டணம் மிச்சம் ஆகும்னு வித்தவர் எவ்வளவு கெஞ்சினாலும் அப்படி அனுப்பாதீங்க. ரிட்டர்ன் அனுப்பினா நீங்க கட்டின கஸ்டம்ஸ் ட்யூட்டி சுலபமா திரும்பாது, அதனால அங்க பாதி ரீஃபண்டோட பொருளை வச்சுக்கிறதுதான் எனக்கு சரின்னு படுது.

எவ்வளவு கேக்கலாம்னு கேட்டிருந்தீங்க. இதே கார் மிரர் உடைஞ்சது, சக்கரம் முறிஞ்சதுன்னு எழுதி விலைக்கு வந்தா நீங்க எவ்வளவு கொடுத்து வாங்குவீங்கன்னு யோசிங்க, அந்த விலைக்கும் நீங்க கொடுத்ததுக்கும் இருக்கிற வித்தியாசம்தான் உங்க நஷ்டம். மிரர் மட்டும் சுத்தமா கழண்டு பீஸ் கையில இருந்தா நான் கால்வாசி கேப்பேன். சக்கரம் போனது அப்படி இல்ல, கார் நேரா நிக்காது, அதனால உங்களுக்கு முழு காசு, ரிட்டர்ன் கூரியர் செலவும் அவரோடது, இதுதான் கேக்கணும், கீழ இறங்கினாலும் பாதிக்குக் கீழ போகாதீங்க. ஹாட்வீல்ஸ் மாதிரி பிரிக்காம அட்டையோட சேக்குற பொருள்ல கணக்கு வேற, 1995ல ஆரம்பிச்ச ட்ரெஷர் ஹன்ட்ங்கிற அரிய வரிசையில ஏதாவது ஒண்ணுன்னா, கார் சேஃபா இருந்து மேல மூடியிருக்கிற பிளாஸ்டிக் பிளிஸ்டர் மட்டும் விரிசல் விட்டிருந்தாலும் விலை இறங்கிடும், உள்ள கார் நல்லாத்தானே இருக்குன்னு விக்கிறவர் சொன்னா ஒத்துக்காதீங்க.

மெசேஜ் இப்படி எழுதுங்க, உங்க கார்ல பாத்ததுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க, போன்ல பேசினாலும் பின்னாடியே எழுத்துல அனுப்பிடுங்க: "சார், இன்ன தேதியில வந்த கார்ல இடது மிரரும் முன் சக்கரமும் உடைஞ்சிருக்கு, பேஸ்ல ஸ்க்ரூ இல்ல, பேக்கிங் ஒரு சுத்து பபிள் ராப் மட்டும்தான், போட்டோ வீடியோ இணைச்சிருக்கேன். காரைத் திரும்ப எடுத்துக்கிட்டு முழுத் தொகையும் கொடுங்க. கூரியர் கிளெய்ம் நீங்க போடுறதா இருந்தா பெட்டியை அப்படியே வச்சிருக்கேன்." அவ்வளவுதான், திட்டு வேண்டாம், மிரட்டல் வேண்டாம். சைட் மூலமா வாங்கினதுன்னா சைட்டுக்குள்ள இருக்கிற சாட்லயே அனுப்புங்க, வாட்ஸ்ஆப்ல பேசலாம் வாங்கன்னு கூப்பிட்டா போகாதீங்க, அங்க பேசினதை சைட் கணக்குல எடுத்துக்காது. கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல டிஸ்பியூட் போடுற வழியும் இருக்கு, அதைக் கடைசியில பாத்துக்கலாம்.

பேசி முடிஞ்சு கார் உங்ககிட்டயே இருக்கப் போகுதுன்னு முடிவான பிறகு ரிப்பேரைப் பாருங்க. சூப்பர் க்ளூ மட்டும் கண்ணாடி, ஹெட்லைட், குரோம் பக்கத்துல கொண்டு போகாதீங்க, அதோட ஆவி படிஞ்சு வெள்ளையா பூத்துடும். கண்ணாடி மாதிரி இருக்கிற பாகத்துக்கு பெவிகால் மாதிரி வெள்ளைப் பசை, காய்ஞ்சா தெளிவாயிடும், தப்பா ஒட்டினாலும் ஈரத்துணியால எடுத்துடலாம். மிரருக்கு ரெண்டு ட்யூப் எபாக்சியைக் கலந்து பல்குத்தும் குச்சி நுனியில தொட்டு வச்சு, செட் ஆகுற வரைக்கும் மாஸ்கிங் டேப் போட்டு நிறுத்துங்க. சக்கரத்துக்கு வெறும் பசை நிக்காது, காரோட எடை அது மேல வரும், உடைஞ்ச ரெண்டு முகத்துலயும் சின்னதா ஓட்டை போட்டு அரை மில்லிமீட்டர் கம்பி சொருகி எபாக்சி வைக்கணும், கையில துளை போடுற பின் வைஸ் வேணும். எங்க முறிஞ்சிருக்குங்கிறதைப் பொறுத்து இது மாறும், சக்கரத்தை மாட்டுற ஆக்சில் கம்பியிலயா, அதைத் தாங்குற சஸ்பென்ஷன் பாகத்துலயான்னு தெரியிற மாதிரி அடிப்பக்கம் ஒரு போட்டோ போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.