வாசகர் கேள்வி-பதில்: நான் விழுவேன் என்று தேவனுக்கு முன்பே தெரியுமே!

கேள்வி: ஐயா, மொபைலில் பணம் கட்டி விளையாடும் பழக்கம் மூன்று வருடமாக என்னை விடவில்லை. ஞாயிறு ஆராதனையில் அழுது ஜெபிக்கிறேன், ஆப்பை அழிக்கிறேன், சம்பளம் வந்த இரவே திரும்ப இறக்கி விளையாடிவிடுகிறேன். நான் விழுவேன் என்று தேவனுக்கு முன்பே தெரியும்தானே? தெரிந்தும் விட்டுவிட்டார் என்றால் இதில் என் தப்பு என்ன? சுயசித்தம் என்பதெல்லாம் சும்மா பேச்சா?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

பதில்: தம்பி, இந்தக் கேள்வி தோற்ற பிறகுதானே வந்தது? ஜெயித்த அன்றைக்கு "இது முன்குறிக்கப்பட்டது, என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை" என்று யாரும் கடிதம் எழுதுவதில்லை. கிண்டலுக்குச் சொல்லவில்லை, நானும் தோற்ற பிறகு இதையே கேட்டவன்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். தெரிந்திருப்பது வேறு, செய்ய வைப்பது வேறு. 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டின் இதற்கு எளிதாக ஒரு விளக்கம் சொன்னார்: நேற்று நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது, அதற்காக உங்கள் ஞாபகம்தான் அதை நடத்தி வைத்தது என்று ஆகிவிடுமா? அப்படித்தான் தேவன் நாளையை அறிந்திருப்பதும். காயீனைப் பாருங்கள். தன் தம்பி ஆபேலைக் கொல்வதற்கு முன்பே தேவன் அவனோடு பேசி, பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது, நீ அதை ஆண்டுகொள்ளலாம் என்கிறார் (ஆதியாகமம் 4:7). வேறு வழியே இல்லாதவனைக் கூப்பிட்டு யாராவது எச்சரிப்பார்களா?

அதற்காக "மனசு வைத்தால் முடியும் தம்பி" என்று உங்கள் முதுகில் தட்டி அனுப்பவும் மாட்டேன். ஏறக்குறைய அதைத்தான் அகஸ்டின் காலத்துத் துறவி பெலேஜியஸ் சொன்னார், 418-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய திருச்சபைச் சங்கம் அந்தப் போதனையைத் தள்ளிவிட்டது. அப்புறம் 1524-இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் மனித சித்தம் சுதந்திரமானது என்று எழுத, அடுத்த வருடமே சீர்திருத்தவாதி லூத்தர், இல்லை, அது அடிமைப்பட்டது என்று காரமாகப் பதில் எழுதினார். தேவனுடைய முன்குறிப்பை அழுத்திச் சொல்லும் கால்வின் வழி, கிருபையை ஏற்கவோ மறுக்கவோ மனிதனுக்கு இடம் உண்டு என்னும் அர்மீனியஸ் வழி என்று அந்த வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை, இந்தப் பத்தியிலும் ஓயப்போவதில்லை. ஆனால் கிருபை இல்லாமல் யாரும் எழுந்திருக்க முடியாது, விழுந்த பழியைத் தேவன்மேல் போடவும் முடியாது என்பதில் இவர்களுக்குள் சண்டை இல்லை. அப்போஸ்தலன் பவுலே "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று புலம்பியிருக்கிறார் (ரோமர் 7:19).

எனக்குப் படுவது என்னவென்றால், உங்களுக்குச் சுதந்திரம் இருக்கிறது, அதை நீங்கள் தேடுகிற இடம்தான் தப்பு. தொகை திரையில் வந்து, விரல் பொத்தானுக்கு மேலே நிற்கும்போது தேடுகிறீர்கள். அந்த இடத்தில் அது கடுகளவுதான் மிச்சம் இருக்கும். கொஞ்சம் பின்னால் வாங்க. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபடி மொபைலை எடுத்தீர்கள். அழித்த ஆப்பின் பெயரில் மூன்று எழுத்து அடித்ததும் மீதியை அதுவே காட்டியது. வட்டம் சுற்றிச் சுற்றி இறங்கி முடிந்தது. நம்பரைக் கொடுத்தீர்கள், ஓடிபி வரக் காத்திருந்தீர்கள், வங்கியின் ரகசிய எண்ணையும் போட்டீர்கள். சோதனையோடுகூட தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று 1 கொரிந்தியர் 10:13 சொல்கிறதே, நாம் அதை வானத்திலிருந்து இறங்கப்போகிற ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். ஓடிபி வருகிற அந்த அரை நிமிடம் வேறு என்னவாம்?

எஜமான் போத்திபாரின் மனைவி தவறுக்கு இழுத்தபோது யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடியது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்பே, அவள் நாள்தோறும் பேசியும் அவளோடு இருக்கவே அவன் இணங்கவில்லை என்பதை (ஆதியாகமம் 39:10) யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தாவீது இதற்கு நேர் எதிர். ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகிற காலத்தில் வீட்டிலேயே இருந்து, சாயங்காலம் மாடியில் உலாத்தப் போனார். அடுத்தவன் மனைவி பத்சேபாளோடு அவர் பாவத்தில் விழுந்த கதை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை அழுகையைவிட சம்பளத்துக்கு முந்தைய நாள் முக்கியம். மொபைலோடு இணைக்காத கணக்குக்குச் சம்பளத்தை மாற்றுங்கள், அல்லது வீட்டில் நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுங்கள். இரவில் மொபைல் வேறு அறையில் இருக்கட்டும். கடன் இருந்தால் எவ்வளவு என்று ஒரே ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், கஷ்டமான வேலை இதுதான். மூன்று வருடம் என்கிறீர்கள், மனநல ஆலோசகரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது, காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடும்போது அப்படி யாரும் நினைப்பதில்லையே.

கேள்வி: தப்பான எண்ணம் மனதில் வந்தாலே பாவம்தானா?

பதில்: வருவது பாவம் இல்லை. இயேசுவுக்கே சோதனை வந்தது, பாவம் இல்லாமல் (எபிரெயர் 4:15). யாக்கோபு தன் நிருபத்தில் சொல்வதைக் கவனியுங்கள்: இச்சை கர்ப்பந்தரித்துத்தான் பாவத்தைப் பிறப்பிக்கிறது. வந்த எண்ணத்தை உட்காரவைத்து உபசரித்தால் கணக்கு மாறிவிடும்.

கேள்வி: தேவன் ஒருவரையும் சோதிப்பதில்லை என்று யாக்கோபு எழுதியிருக்க, பரமண்டல ஜெபத்தில் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று ஏன் ஜெபிக்கிறோம்?

பதில்: நல்ல கேள்வி, பல பேர் கேட்கத் தயங்குவது. கிரேக்கத்தில் 'பெய்ரஸ்மோஸ்' என்ற ஒரே சொல் பரீட்சையையும் குறிக்கும், பாவத்துக்கு இழுப்பதையும் குறிக்கும். தமிழில் 'சோதனை'யும் அப்படியே இரண்டு வேலை பார்க்கிறது. ஆபிரகாமைத் தேவன் சோதித்தார் என்பது முதல் அர்த்தம், யாக்கோபு மறுப்பது இரண்டாவது. இந்தக் குழப்பத்தால்தான் இத்தாலிய மொழியில் இந்த ஜெபத்தின் இந்த வரி 2019-இல் போப் பிரான்சிஸ் ஒப்புதலோடு மாற்றப்பட்டது. தமிழ்க் கத்தோலிக்கர்களோ அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே "சோதனையில் விழவிடாதேயும்" என்றுதான் சொல்லி வருகிறார்கள்.