இன்ஜின் நின்றால் கல் மாதிரி விழுமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன். மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். கடற்படையில் ஹெலிகாப்டர் பைலட்டாகச் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சின்ன வயதில் அரக்கோணத்தில் அத்தை வீட்டுக்குப் போனால் மொட்டைமாடியை விட்டு இறங்கமாட்டாள், அங்கே இருக்கும் ராஜாளி கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். விமானத்துக்காவது இறக்கை இருக்கிறது, மிதந்து வந்துவிடும். ஹெலிகாப்டர் இன்ஜின் நின்றால் கல் மாதிரி விழும் என்கிறார்கள். 2009-ல் எங்கள் சித்தூர் ஜில்லாவுக்கு ஹெலிகாப்டரில் கிளம்பிய ஆந்திர முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி வந்து சேரவே இல்லை, விபத்தில் போய்விட்டார். அவள் அம்மா தினமும் அதைத்தான் சொல்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

பி., நகரி

அன்புள்ள பி.,

கல் மாதிரி விழாது. இதை முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இன்ஜினுக்கும், தலைக்கு மேல் சுற்றும் ரோட்டாருக்கும் நடுவே ஃப்ரீவீல் என்று ஒருவழிப் பிணைப்பு உண்டு. இன்ஜின் நின்ற கணமே அது விடுபட்டு, ரோட்டாரைத் தன்போக்கில் சுற்றவிடும். அப்போது பைலட் உடனே செய்ய வேண்டியது, இடது கையில் இருக்கும் கலெக்டிவ் நெம்புகோலை இறக்குவது. ரோட்டார் இறக்கைகளின் சாய்வு குறையும், வேகம் செத்துப்போகாது. சிறிய ஹெலிகாப்டர்களில் இதற்குக் கிடைப்பது ஓரிரண்டு நொடிதான். ஹெலிகாப்டர் இறங்க ஆரம்பித்ததும் காற்று அடியிலிருந்து மேலே ரோட்டார் வழியாகப் பாய்ந்து அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பனை ஓலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடினால் சுற்றுகிறதே, அதே சங்கதிதான். இதற்கு ஆட்டோரொட்டேஷன் என்று பெயர்.

வால் ரோட்டாரை ஓட்டுவதும் மெயின் ரோட்டாரின் கியர்பாக்ஸ்தான். பல ஹெலிகாப்டர்களில் ஹைட்ராலிக் பம்பும் அப்படியே. அதனால் இன்ஜின் செத்த பிறகும் மூக்கைத் திருப்பும் கால் பெடல் வேலை செய்யும், முன்னே பின்னே பக்கவாட்டில் சாய்த்து ஓட்டும் சைக்ளிக் என்ற கைப்பிடியும் வேலை செய்யும். ஹெலிகாப்டரைத் திருப்பலாம், இறங்க ஒரு வயலைத் தேர்ந்தெடுக்கலாம். நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 அடி வரை இறங்கும். வேகமான இறக்கம்தான், ஆனால் கட்டுக்குள் இருக்கும் இறக்கம். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கினால் முன்வேகம் குறையும், ரோட்டார் இன்னும் கொஞ்சம் வேகம் பிடிக்கும். அப்புறம் நேராக்கி, கடைசி சில அடிகளில் கலெக்டிவை உயர்த்தி, ரோட்டாரில் சேர்த்துவைத்த சுழற்சியைச் செலவழித்துத் தரையில் வைக்க வேண்டும். அதை ஒருமுறைதான் செலவழிக்க முடியும். சீக்கிரம் உயர்த்தினால் பாதியிலேயே தீர்ந்துவிடும், தாமதித்தால் இடி. ஹெலிகாப்டர் படிக்கும் எவரையும் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து இதைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பார். உங்கள் மகளையும்தான்.

1972 ஜூன் 21-ல் ஜான் பூலே என்ற பிரெஞ்சு பைலட் லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரம் போய் உலக சாதனை செய்தார். அந்த உயரத்தில் இன்ஜின் அணைந்துபோனது. அத்தனை உயரத்திலிருந்தும் ஆட்டோரொட்டேஷனில் பத்திரமாக இறங்கினார். அதே லாமாவைத்தான் நம் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் சீட்டா என்ற பெயரில் தயாரித்தது.

உயரமும் வேகமும் இருந்தால் பிழைக்க வழி இருக்கிறது. இரண்டும் இல்லாத இடம்தான் மோசம். ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டர் நூறு இருநூறு அடி உயரத்தில் அந்தரத்தில் நிற்கும்போது இன்ஜின் போனால் ரோட்டாருக்குச் சுழற்சி சேர நேரம் கிடைக்காது. எந்த உயரத்தில் எந்த வேகத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒவ்வொரு ரகத்துக்கும் வரைபடம் உண்டு. கடல் இன்னொரு விஷயம். தண்ணீரில் மெதுவாக இறங்கினாலும் மேல்பாரத்தால் ஹெலிகாப்டர் பெரும்பாலும் கவிழ்ந்துவிடும். அதனால்தான் தலைகீழாக மூழ்கும் கூண்டிலிருந்து வெளியே வரக் கடற்படை கொச்சியில் பயிற்சி கொடுக்கிறது. இதை வீட்டில் மறைக்காதீர்கள்.

சரி, ராஜசேகர ரெட்டி. அவர் போனது பெல் 430, இரண்டு இன்ஜின் கொண்டது. கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்தம் பற்றிய எச்சரிக்கையில் பைலட்களின் கவனம் போய்விட்டதையும், மோசமான வானிலையில் பலத்த கீழ்நோக்கிய காற்றில் சிக்கியதையும்தான் விசாரணை சொன்னது. 2021 டிசம்பர் 8-ல் குன்னூர் அருகே ஜெனரல் பிபின் ராவத் இறந்த விபத்திலும் இயந்திரக் கோளாறு இல்லை என்றது முப்படை விசாரணை. மேகத்துக்குள் புகுந்த பைலட்டுக்குத் திசையுணர்வு தப்பியதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. கட்டுப்பாடே போய்விட்டாலும் ஆட்டோரொட்டேஷன் உதவாது. 2023 மார்ச் 26-ல் கொச்சியில் சோதனைப் பறப்பில் இருந்த கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர், சைக்ளிக் சொன்னபடி கேட்காமல் விழுந்தது. தாழ்வாக இருந்ததால் மூவரும் பிழைத்தார்கள்.

என் பயமெல்லாம் மலையையும் மேகத்தையும் பற்றித்தான், இன்ஜினைப் பற்றி அவ்வளவு இல்லை. உங்கள் மகளிடம் கேட்க வேண்டியதும் அதுதான்: வானிலை கெட்டால், பின்னால் எவ்வளவு பெரிய ஆள் உட்கார்ந்திருந்தாலும், திரும்பிவிடலாம் என்று சொல்லும் தைரியம் இருக்கிறதா?

இருக்கிறது என்றால் அனுப்புங்கள். 2024 ஜூனில் அதே அரக்கோணத்தில் பயிற்சி முடித்துத்தான் அனாமிகா ராஜீவ் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட் ஆனார். உங்கள் மகளின் அம்மாவிடம் அதையும் சொல்லுங்கள்.