அமைதியைப் படித்தால் சோறு கிடைக்குமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி, அறிவியல் பாடங்களிலும் 'ஏ'. ஈப்போவில் இருக்கும் தாய்மாமா, தனியார் மருத்துவக் கல்லூரியில் உடனே முன்பணம் கட்டச் சொல்கிறார். பிள்ளையோ, போர் ஓய்ந்த நாடுகளில் மக்கள் மறுபடி எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "சார், அமைதியைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்கிறார் அம்மா.

கவலை புரிகிறதம்மா. முன்பணத்தை மட்டும் கட்டாதீர்கள்.

உங்கள் கணக்கையே பார்ப்போம். கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை எடுத்து, மீதிக்கு வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார் மாமா. தனியார் மருத்துவப் படிப்பு மூன்று லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) சர்வசாதாரணமாகத் தாண்டும். அவ்வளவும் கொட்டிய பிறகு வேலை? 2016 டிசம்பரிலிருந்து அரசு மருத்துவமனைகளில் புதிய டாக்டர்களை ஒப்பந்த முறையில் எடுக்கத் தொடங்கினார்கள். நிரந்தர வேலை கேட்டு அந்த இளம் டாக்டர்கள் 2021 ஜூலை 26 அன்று நாடு முழுக்க வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு நிரந்தர இடங்கள் கூடியது உண்மைதான். ஆனாலும் மாமா மனத்தில் இருக்கும் 'படித்து முடித்தால் கவர்மெண்ட் டாக்டர்' என்ற உறுதி இன்று இல்லை. உண்மையான ஆசை உள்ள பிள்ளைக்கு மருத்துவம் அருமையான படிப்பு. உங்கள் மகளுக்கு அந்த ஆசை இல்லை. கடனைக் கட்டப்போவது மாமாவும் இல்லை.

பல் மருத்துவம், பார்மசி, அக்கவுண்டிங் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் உறவுக்காரர்களே போதும்.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய அவள் நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். சனிக்கிழமைகளில் ரோஹிங்யா அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறாள் அல்லவா? அங்கே இரண்டு பையன்கள் பென்சில் பெட்டிக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். இடப்பக்கம் ஒருவன் சொன்னது, வலப்பக்கம் மற்றவன் சொன்னது, நடுவில் கோடு. கீழே 'இரண்டு பேரும் சொல்லாதது' என்று தலைப்புப் போட்டு மூன்று வரி எழுதியிருக்கிறாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சமரசப் பயிற்சிகளில் பெரியவர்களுக்கே மெனக்கெட்டுப் பழக்குவது இதைத்தான்.

அப்புறம், அவள் கேட்கும் அமைதி ஆய்வு வெறும் நல்லெண்ணம் பேசும் படிப்பு என்று நினைக்காதீர்கள். நார்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்டுங் 1959இல் ஒஸ்லோவில் இதற்கென ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். துப்பாக்கிச் சத்தம் நின்றால் பாதி அமைதிதான், அநியாயம் நீங்கினால்தான் முழு அமைதி என்பது அவர் வகுத்த பிரிவின் சாரம். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனிநாடு கேட்ட போராளிகளுக்கும் அரசுக்கும் நடந்த ஏறக்குறைய முப்பது ஆண்டுப் போர், சுனாமிக்குப் பிறகு 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கி ஒப்பந்தத்தில் முடிந்தது. போராளிகள் 840 ஆயுதங்களை அந்த ஆண்டு முடிவதற்குள் ஒப்படைத்துவிட்டார்கள். அதே ஒப்பந்தம் வாக்களித்த உண்மை, நல்லிணக்க ஆணையத்துக்கு உறுப்பினர்கள் பதவியேற்றதோ 2016இல்தான். ஆயுதம் சில மாதத்தில் வந்துவிட்டது, உண்மைக்கு ஏன் பதினோரு ஆண்டு? இந்த மாதிரிக் கேள்விக்கு ஆவணங்களோடு பதில் தேடுவதுதான் இந்தப் படிப்பு.

அறிஞர்களுக்குள் சண்டையும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலக் குற்றங்களைப் பற்றி 1996இல் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் விசாரணைகள் தொடங்கின. அரசியல் காரணத்துக்காகக் குற்றம் செய்தவர்கள் முழு உண்மையையும் சொன்னால் மன்னிப்புப் பெற வழி இருந்தது. மஹ்மூத் மம்தானி என்ற அறிஞர் அதைக் கடுமையாக விமர்சித்தார். தனி ஆட்களின் குற்றத்தைத் தேடிப்போய், நிலத்தைப் பறிகொடுத்த லட்சக்கணக்கானவர்களையும் அந்த ஆட்சியால் வளமாக வாழ்ந்தவர்களையும் விட்டுவிட்டார்கள் என்றார். இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டா வேறு வழியில் போனது. ஊர் மக்களே கூடி விசாரித்த கச்சாச்சா மன்றங்கள் 2012இல் மூடப்படும்வரை ஏறக்குறைய 20 லட்சம் வழக்குகளைத் தீர்த்தன. வழக்கு தீர்ந்தது, நீதி கிடைத்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. தலைவர்களோடும் பேசக்கூடிய, சாதாரண மக்களோடும் பழகக்கூடிய இடைமட்டத்து ஆட்கள்தான் அமைதியைத் தாங்குகிறார்கள் என்று ஜான் பால் லெடராக் என்ற அறிஞர் சொல்வது எனக்கு மிகவும் ஏற்புடையது. ஆசிரியர்கள், சமயப் பெரியவர்கள், உள்ளூர் அமைப்புக்காரர்கள் எல்லாம் அதில் வருவார்கள்.

இதில் உங்கள் மகளுக்கு ஒரு பெரிய சொத்து இருக்கிறது. மலாய் தெரிந்ததால் ஆச்சேயில் இந்தோனேசிய மொழியைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். தென் தாய்லாந்தின் பட்டானி பிரிவினை விவகாரத்தில் 2013 பிப்ரவரி 28 அன்று கோலாலம்பூரில்தான் பேச்சுவார்த்தைக்கான ஒப்புதல் கையெழுத்தானது, அங்கும் மக்கள் பேசுவது மலாய் வழக்கு. இலங்கையில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. பிள்ளையைத் தேடும் ஒரு தாய் அங்கே தமிழில் சொல்வதை, நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்டு எழுத இவளால் முடியும். வெளிநாட்டுப் பட்டம் பெற்று வரும் பலருக்கு இது வராது.

வழி இதுதான். பள்ளியிலேயே ஆறாம் படிவத்தில் சேரட்டும், செலவு மிகக் குறைவு. அதன் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்து அரசுப் பல்கலைக்கழகத்தில் அரசியலோ சமூகவியலோ மானிடவியலோ எடுக்கட்டும். கெலுகோரில் இருக்கும் யு.எஸ்.எம். பல்கலைக்கழகம் உங்கள் வீட்டிலிருந்து பாலம் தாண்டினால் வந்துவிடும். அமைதி ஆய்வுக்கென்றே அங்கே ஒரு பிரிவு ஆச்சே பற்றியும் பிலிப்பீன்ஸின் மிண்டனாவ் பற்றியும் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறது. பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் தேவையான அளவுக்கு மட்டும் போதும். பட்டத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் வேலை. மனித உரிமை ஆணையமான சுஹாகாம், கோலாலம்பூரில் உள்ள ஐ.நா. அகதிகள் அலுவலகம், செஞ்சிலுவைச் சங்க அலுவலகம், ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பு வழியாகத் தாமான்களில் (குடியிருப்புகளில்) சமரசம் செய்துவைக்கும் ஒற்றுமைத் துறை எல்லாம் இந்தப் பக்கம்தான். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, ஒப்பந்த வேலைகளும் இருக்கும். அதை அவளிடம் இப்போதே உட்காரவைத்துச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

அந்த அனுபவத்தோடு ரோட்டரி அமைதி உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணம், தங்குமிடம், விமானச் செலவு எல்லாம் அதில் அடங்கும். ஸ்வீடனின் உப்சாலா, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு போன்ற பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. இடம் கிடைக்காவிட்டால் உள்ளூரிலேயே முதுகலை படிக்கட்டும். "வெளிநாட்டில் படித்தால்தான் மதிப்பு" என்று யாராவது இந்தப் படிப்புக்கும் ஏஜென்ட் வழியாக இடம் பிடித்துத் தருகிறேன் என்று வந்தால், வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள்.