18 பிள்ளைகளும் தேர்ச்சி விழுக்காடும்

குமரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

தக்கலையிலிருந்து ஒரு தந்தை: ஐயா, எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சென்ற ஆண்டு 100 விழுக்காடு, இவ்வாண்டு 89. என் மகளை அங்கே சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது.

எத்தனை பேர் தேர்வெழுதினார்கள் என்று முதலில் கேளுங்கள். 18 பேர் எழுதி 2 பேர் தவறினாலே தேர்ச்சி 88.9 ஆகிவிடும், அத்தகைய வகுப்பில் ஒரே ஒரு பிள்ளையின் கணக்குத் தாள் ஐந்தரை விழுக்காட்டைத் தீர்மானிக்கிறது. எனவே ஐந்தாண்டு எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள் என்று விசாரியுங்கள். மெல்லக் கற்கும் பிள்ளையின் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டுப் பெறும் நூறை நான் தேர்ச்சியாகவே மதிப்பதில்லை.

குலசேகரத்திலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். குடும்பச் சூழலுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பை எப்படிக் கண்டறிவது?

2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது நம் மாவட்டம்; ஆனால் அந்தப் பெருமை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இருக்கும் நிலையைச் சொல்லாது. பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் விவரத் தொகுப்பான எமிஸ் பதிவில் சாதி, வகுப்பு, பாலினம் எல்லாம் கிடைக்கும். விடியுமுன் யார் யார் எழுந்து வேலைக்குப் போகிறார்கள் என்பதை நீங்கள்தான் கேட்டறிய வேண்டும். என் வகுப்பில் ஒரு மாணவன் முதல் பாடவேளையில் தினமும் தூங்கிவிடுவான். ஒருநாள் அவன் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் ரப்பர் பால் உலர்ந்து ஒட்டியிருந்தது. அம்மாவுடன் பால்வெட்டுக்குப் போய், சிரட்டைகளில் வடிந்ததைச் சேகரித்துக் கொடுத்துவிட்டு அப்படியே பள்ளிக்கு ஓடி வந்திருக்கிறான். கணக்குப் பாடத்தை மூன்றாம் வேளைக்கு மாற்றினோம், அவ்வளவுதான். பொதுத்தேர்வில் கணக்கில் 41 வாங்கினான். வருகைப் பதிவேட்டை மாதவாரியாகவும் எடுத்து வையுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை நாளில் பால்வெட்டு நின்று கூலி இல்லாமல் போகும்போது வீட்டில் ஏற்படும் நெருக்கடி வருகையிலும் தெரியக்கூடும்.

களியக்காவிளையிலிருந்து ஒருவர்: வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளை தமிழ்வழியில் பின்தங்குமா?

பேச்சுமொழி தடையன்று. நாள்தோறும் ஒரு பக்கம் வாய்விட்டு வாசிக்கச் செய்யுங்கள்.

குளச்சலிலிருந்து ஒரு தாய்: மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடிக்கிறாள். பக்கத்திலேயே அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, சேர்க்கலாமா?

மருத்துவம் படிக்கும் எண்ணம் அவளுக்கு இருந்தால் பொறுத்திருங்கள், அம்மா. 2020 முதல் மருத்துவப் படிப்பில் வழங்கப்படும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைப் பெற, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளியில் பயிலும் இரண்டே ஆண்டுகள் அந்த உரிமையை இல்லாமலாக்கிவிடும். பேருந்தில் சற்றுத் தொலைவு போக நேர்ந்தாலும், அறிவியல் பிரிவு உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியை முதலில் போய்ப் பாருங்கள்.